புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் மருந்துகள்: பக்கவிளைவுகளின் வரலாறு

ஆணின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்ப் பாதையின் தொடக்கத்தைச் சுற்றி அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டீரான் என்னும் ஆண் ஹார்மோன்தான் அதை வளர்க்கிறது. அதில் தோன்றும் புற்றுநோயையும் பெரும்பாலும் அதே ஹார்மோன்தான் வளர்க்கிறது. அந்த ஹார்மோனின் வரத்தை அடைத்தால் நோய் சுருங்கும் என்பதே ஹார்மோன் சிகிச்சையின் அடிப்படை. 1941 முதல் இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை. மாறியதெல்லாம் வரத்தை அடைக்கும் வழியும், அதற்காக நோயாளியின் உடல் கொடுத்த விலையும்தான்.

அந்த விலை இரண்டு வகைப்பட்டது. ஹார்மோன் இல்லாமற்போவதால் வருபவை ஒரு வகை: திடீரென உடல் சுட்டு வியர்ப்பது, பாலுறவில் நாட்டம் குன்றுவது, விறைப்பின்மை, தசை கரைந்து கொழுப்பு சேர்வது, எலும்பு நொய்ந்துபோவது, ஓயாத சோர்வு. எந்த வழியில் ஹார்மோனை நிறுத்தினாலும் இவற்றுள் சில வந்தே தீரும். மருந்தின் சொந்தக் குணத்தால் வருபவை இன்னொரு வகை: இரத்தம் உறைவது, கல்லீரல் கெடுவது, வலிப்பு, தோல் தடிப்பு போன்றவை. நோயாளிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இவற்றைப் பிரித்தறிய மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

விரைக்கும் புராஸ்டேட்டுக்கும் உள்ள தொடர்பை 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் விலங்குகளிடம் கவனித்திருந்தார். காயடித்த விலங்குகளில் அந்தச் சுரப்பி சிறுத்துக் கிடந்தது. இதை மனிதரிடம் முதலில் பயன்படுத்தியது புற்றுநோய்க்காக அல்ல. முதுமையில் சுரப்பி பருத்துச் சிறுநீரை அடைக்கும் சாதாரண வீக்கத்துக்காக. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜே. வில்லியம் வைட் 1895இல் இப்படி விரை நீக்கப்பட்ட 111 பேரின் விவரங்களைத் தொகுத்தார். பெரும்பாலோரிடம் சுரப்பி சுருங்கியிருந்தது. ஆனால் இறந்தவர்கள் 18 விழுக்காடு. அடுத்த ஆண்டே பாஸ்டனின் ஆர்தர் கேபட் இந்த அறுவையைப் பற்றி எழுதியபோது, விரை இழந்த ஆண்களுக்கு மாதவிடாய் நின்ற பெண்களைப் போலவே உடல் திடீரெனச் சுடுவதைப் பதிவு செய்தார். இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவுகளைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று அது. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது உருவாகியிருக்கவில்லை.

புற்றுநோயை இந்த வழிக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 1901இல் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிறுநீரக அறுவை மருத்துவராக இருந்தவர். நாய்களின் புராஸ்டேட் சுரக்கும் நீரை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, வயதான சில நாய்களின் சுரப்பியில் இருந்த கட்டிகள் முதலில் இடைஞ்சலாகத்தான் பட்டன. விரைகளை எடுத்ததும் அந்தக் கட்டிகள் சுருங்கின. இடைஞ்சலே ஆய்வுப் பொருளானது. 1938இல் நியூயார்க்கில் கட்மன் தம்பதியர், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் அமில பாஸ்படேஸ் என்னும் நொதி இரத்தத்தில் உயர்வதைக் கண்டறிந்திருந்தனர். நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை இரத்தத்திலேயே அளக்கும் வசதி அதனால் ஹக்கின்ஸுக்குக் கிடைத்தது. 1941இல் அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் வெளியிட்ட கட்டுரை எட்டே நோயாளிகளைப் பற்றியது. விரைகளை நீக்கினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ நொதி இறங்கியது. ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஏறியது. எலும்பு வலியால் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுள் சிலர் சில நாட்களிலேயே வலி தணிந்து எழுந்து நடமாடினார்கள். மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய புற்றுநோய் மிக அரிது என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்று உணர்வது கடினம். 1966இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அறுவைக்கு மாற்றாக வந்த முதல் மாத்திரை டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால். சுருக்கமாக டிஇஎஸ். லண்டனில் சார்லஸ் டாட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1938இல் ஆய்வகத்தில் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன் இது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் தயாரிக்கலாம், விலை மிகக் குறைவு. ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், டெஸ்டோஸ்டீரான் விழுந்துவிடும். கத்தி வேண்டாம், ஒரு மாத்திரை போதும் என்றானதும் உலகெங்கும் பரவியது. மார்பு பெண்களுக்குப் போலப் பருத்து வலித்தது, கால் வீங்கியது, குமட்டியது. மருத்துவர்கள் இவற்றைச் சில்லறைத் தொல்லைகளாகவே எடுத்துக்கொண்டார்கள். மார்பு பருக்காமலிருக்க மாத்திரை தொடங்கும் முன்பே மார்பில் சிறிதளவு கதிர் பாய்ச்சும் வழக்கமும் வந்தது.

உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. அறுபது, எழுபது வயதைக் கடந்த ஒருவர் மாரடைப்பில் இறந்தால் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் சேர்ந்து 1960இல் தொடங்கிய கூட்டாய்வு இதை வெளிக்கொணர்ந்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை, ஒரு பிரிவுக்கு விரை நீக்கம், ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் டிஇஎஸ், இன்னொன்றுக்கு இரண்டும். 1967இல் வந்த முடிவுகள் மருத்துவர்களை உலுக்கின. மாத்திரை எடுத்தவர்களில் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைவு. ஆனால் இதய நோயாலும் இரத்த உறைவாலும் இறந்தவர்கள் அதிகம். ஒரு பக்கம் காத்த உயிரை மருந்து மறுபக்கம் எடுத்துக்கொண்டிருந்தது. வெற்று மாத்திரைப் பிரிவு இல்லாமலிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அடுத்த ஆய்வில் 0.2, 1, 5 மில்லிகிராம் அளவுகளை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 1 மில்லிகிராமே 5 மில்லிகிராமுக்கு இணையாக நோயை அடக்கியது. இதய மரணம் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் 1 மில்லிகிராம் எல்லோருக்கும் டெஸ்டோஸ்டீரானை முழுமையாக இறக்கவில்லை என்பதால் 3 மில்லிகிராம் என்ற நடு அளவு வழக்கத்துக்கு வந்தது. இது ஆய்வின் முடிவு அல்ல, மருத்துவர்களின் சமரசம். அதிலும் இதயத் தொல்லை விடவில்லை. இதற்கிடையே, கருச்சிதைவைத் தடுக்கவென்று கர்ப்பிணிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்ததில், பிறந்த பெண்பிள்ளைகள் சிலருக்குப் பிற்காலத்தில் அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்தது 1971இல் தெரியவந்தது. மருந்தின் பெயரே கெட்டது.

அதே 1971இல்தான் மாற்றுக்கான விதையும் விழுந்தது. நியூ ஆர்லியன்ஸ் படைவீரர் மருத்துவமனையில் ஆண்ட்ரூ ஷாலி, லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளையிலிருந்து ஹைப்போதலாமஸ் பகுதிகளை எடுத்து வடித்து, பிட்யூட்டரிக்கு உத்தரவிடும் ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தார். எல்எச்ஆர்எச் எனப்படும் அது வெறும் பத்து அமினோ அமிலங்களாலானது. இதே துறையில் அவரோடு கடும் போட்டியில் இருந்த ரோஜர் கில்லெமினும் அவரும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த ஹார்மோன் உடலில் விட்டுவிட்டுச் சுரந்தால் பிட்யூட்டரி வேலை செய்யும். அதைவிட வீரியமான செயற்கை வடிவத்தை விடாமல் செலுத்தினால் முதலில் துள்ளி எழும் பிட்யூட்டரி, பிறகு கேட்கும் திறனை இழந்து அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரங்களில் டெஸ்டோஸ்டீரான், விரை நீக்கியவரின் அளவுக்கு இறங்கிவிடும்.

லியூப்ரோலைடு என்ற அத்தகைய மருந்தை டிஇஎஸ் 3 மில்லிகிராமோடு நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு 1984இல் வெளியானது. நோய் பரவிய 199 பேர் பங்கேற்றார்கள். நோயை அடக்குவதில் இரண்டும் ஏறத்தாழச் சமம். வேறுபாடு பக்கவிளைவில்தான் இருந்தது: மார்பு வீக்கம், குமட்டல், கால் வீக்கம், இரத்த உறைவு ஆகியவை டிஇஎஸ் பக்கம் அதிகம், திடீர் உடற்சூடு லியூப்ரோலைடு பக்கம் அதிகம். ஒரு மருந்து இன்னொன்றை வீழ்த்தியது முழுக்க முழுக்கப் பக்கவிளைவின் அடிப்படையில்தான். 1985இல் லியூப்ரோலைடுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அன்றாடம் போட்ட ஊசி, பத்தாண்டு முடிவதற்குள் மாதம் ஒரு முறையானது. கோசரலின் என்ற இன்னொரு மருந்து, வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கும் அரிசிமணி போன்ற துண்டாக வந்தது; அது கரையக் கரைய 28 நாட்களுக்கு மருந்து வெளிவரும்.

புதிய வழிக்கும் ஓர் ஆபத்து இருந்தது. தொடக்கத் துள்ளலில் டெஸ்டோஸ்டீரான் சில நாட்களுக்கு ஏறும். முதுகெலும்பில் நோய் பரவியவருக்கு அந்தச் சில நாட்களே தண்டுவடத்தை நெருக்கிக் கால்களைச் செயலிழக்கச் செய்யக்கூடும். அதனால் ஊசிக்கு முன்பிருந்தே சில வாரங்களுக்கு ஆண் ஹார்மோன் தடுப்பு மாத்திரை கொடுப்பது வழக்கமானது.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்க நோயாளிகளிடம் கோசரலினா, விரை நீக்கமா என்று கேட்டபோது நால்வரில் மூவருக்கு மேல் ஊசியைத் தேர்ந்தெடுத்தார்கள். உடலின் ஒரு பகுதியை இழக்கும் வருத்தம் ஆய்வுகளின் பக்கவிளைவுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை, ஆனால் நோயாளியின் முடிவில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவிலோ ஊசியின் தொடர்செலவு காரணமாக விரை நீக்க அறுவை இன்றும் வழக்கிலிருக்கிறது. ஒரே முறை செய்வது, சில மணி நேரத்திலேயே ஹார்மோன் விழுவது, துள்ளல் இல்லாதது என அதற்குள்ள நன்மைகளும் மெய்யானவை.

ஆண் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளின் வழி வேறு. ஹார்மோனைக் குறைக்காமல், அது புற்று அணுவின் ஏற்பியில் போய் ஒட்டாதபடி இடத்தைப் பிடித்துக்கொள்பவை அவை. பெர்லினின் ஷெரிங் நிறுவனத்தில் 1960களில் உருவான சைப்ரோட்டரோன் முன்னோடி. அது ஹார்மோனையும் ஓரளவு இறக்கும். உடற்சூட்டை நன்றாகத் தணிக்கும், ஆனால் கல்லீரலைப் பதம்பார்க்கும். பிறகு வந்த ஃப்ளூட்டமைடு நாளுக்கு மூன்று வேளை. வயிற்றுப்போக்கும், சிலருக்கு உயிருக்கே உலை வைக்கும் கல்லீரல் சிதைவும் அதன் குறைகள். அதே வகையைச் சேர்ந்த நைலூட்டமைடின் தொல்லை விசித்திரமானது. அதை உட்கொள்பவர் வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால் கண் பழகச் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை ஆகும். வண்டி ஓட்டிக்கொண்டு சுரங்கப்பாதைக்குள் போகிறவருக்கு அந்த இடைவெளியில் எதிரே எதுவும் தெரியாது. நிறமிட்ட கண்ணாடி அணியச் சொன்னார்கள். மது அருந்தினால் முகம் சிவந்து படபடக்கும், நுரையீரல் அழற்சியும் வரலாம். 1995இல் வந்த பைகாலூட்டமைடு, நாளுக்கு ஒரே மாத்திரையாகவும் வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் இதமாகவும் இருந்ததால் ஃப்ளூட்டமைடையும் நைலூட்டமைடையும் ஓரங்கட்டியது. அதை ஊசியின்றித் தனியாக 150 மில்லிகிராம் கொடுத்தால் பாலுறவு நாட்டமும் எலும்பும் பெருமளவு தப்பும். ஆனால் பத்தில் ஏழு பேருக்கு மார்பு பருத்து வலிக்கும். உடலில் அப்படியே இருக்கும் டெஸ்டோஸ்டீரானில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதே இதற்குக் காரணம்.

ஊசியையும் மாத்திரையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று கனடாவின் கியூபெக்கில் ஃபெர்னாண்ட் லாப்ரி வலியுறுத்தினார். தொடக்க ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் விரை நீக்கியவர்களுக்கு ஃப்ளூட்டமைடைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்து 1998இல் வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வயிற்றுப்போக்கும் மன வாட்டமும் கூடின.

1990களில் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. நோய் பரவும் முன்பே, கதிர்வீச்சோடு சேர்த்து ஹார்மோன் ஊசி தொடங்கப்பட்டது. புராஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்னும் புரதத்தின் அளவு இரத்தப் பரிசோதனையில் சற்றே ஏறியதற்கும் தொடங்கப்பட்டது. முன்பு ஓரிரு ஆண்டுகள் மருந்தில் இருந்தவர்களின் இடத்தில், பத்தாண்டுக்கு மேல் வாழப்போகிறவர்கள் வந்தார்கள். மெதுவாக வரும் கேடுகள் அப்போதுதான் புலப்பட்டன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான கட்டுரை, ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தவர்களில் ஹார்மோன் சிகிச்சை பெற்றோரில் 19.4 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 12.6 விழுக்காட்டினருக்கும் எலும்பு முறிந்ததாகச் சொன்னது. ஆணின் எலும்பையும் பெருமளவு காப்பது, டெஸ்டோஸ்டீரானிலிருந்து உருவாகும் ஈஸ்ட்ரோஜனே. டிஇஎஸ் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் உடலில் நிறைந்திருந்ததால் இந்தக் கேடு தலைகாட்டவில்லை. ஊசிகள் இரண்டு ஹார்மோன்களையும் ஒருசேர வற்றவைத்தன.

மறு ஆண்டே 73,196 பேரின் பதிவுகளிலிருந்து, எல்எச்ஆர்எச் ஊசி பெற்றோருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 44 விழுக்காடு கூடுதல் என்றும் இதய நோயும் ஓரளவு கூடுகிறது என்றும் தெரியவந்தது. இதயத்துக்காகக் கைவிடப்பட்ட மருந்தின் இடத்துக்கு வந்ததன் மீதே இதயக் குற்றச்சாட்டு. 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்புகளில் அச்சிட உத்தரவிட்டது. ஆனால் குலுக்கல் முறை ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கட்டுரை, இதய மரணம் கூடியதாகத் தெரியவில்லை என்றது. பதிவேடுகளில் ஊசி பெற்றவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்களாக இருந்திருக்கலாம். ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் திடமானவர்களாக இருந்திருக்கலாம். முன்பே மாரடைப்பு வந்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்பதில் மட்டும் பெரும்பாலோர் உடன்பட்டார்கள்.

துள்ளல் இல்லாமல் பிட்யூட்டரியை நேரடியாக அடக்கும் மருந்துகள் இதற்கிடையே வந்தன. 2003இல் அனுமதி பெற்ற அபரெலிக்ஸ், சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியது; இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தையை விட்டு விலகியது. 2008இல் வந்த டெகரெலிக்ஸ், மூன்றே நாட்களில் 96 விழுக்காட்டினரின் டெஸ்டோஸ்டீரானை வீழ்த்தியது. முதுகெலும்பு நோயாளிகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஊசி போட்ட இடம் சிவந்து வலிப்பது, லியூப்ரோலைடு பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக இருக்க, இதில் நூற்றுக்கு 40 பேருக்கு வந்தது. மாத்திரை வடிவில் வந்த ரெலுகோலிக்ஸை 930 பேரிடம் லியூப்ரோலைடோடு ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் ரெலுகோலிக்ஸில் 2.9 விழுக்காடு, லியூப்ரோலைடில் 6.2 விழுக்காடு. உடற்சூட்டில் பெரிய வேறுபாடு இல்லை. அது ஹார்மோன் போனதன் விளைவு, மருந்தினுடையது அல்ல. இதயத்தையே முதன்மைக் கேள்வியாக வைத்து டெகரெலிக்ஸை லியூப்ரோலைடோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு, போதிய ஆட்கள் சேராமல் 545 பேரோடு முன்கூட்டியே நின்றது. அதில் வேறுபாடு தென்படவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

விரைகளை அடக்கியும் அடங்காத நோய்க்கு, அட்ரீனல் சுரப்பிகளிலும் புற்று அணுக்களிலுமே உண்டாகும் சிறிதளவு ஆண் ஹார்மோன் தீனி போடுகிறது. ஹக்கின்ஸ் 1945இலேயே இதை ஊகித்து இரண்டு அட்ரீனல்களையும் அறுத்தெடுத்துப் பார்த்தார். அட்ரீனல் ஹார்மோனுக்கு ஈடாகத் தரும் கார்ட்டிசோன் கிடைக்காத காலம், நோயாளிகள் தாங்கவில்லை. லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 2011இல் அனுமதி பெற்ற அபிராட்டரோன் அதே வேலையை வேதியியலால் செய்கிறது. ஒரு நொதியை அடைத்ததும் அதற்கு மேலுள்ள வழியில் உப்பைத் தேக்கும் ஹார்மோன்கள் பெருகி, இரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது, பொட்டாசியம் விழுகிறது. அதைத் தடுக்கவே பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டும் சேர்த்துத் தரப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுங்குவது கட்டாயம். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் உடலில் சேரும் மருந்தின் அளவு பல மடங்காகிவிடும்.

அடுத்த ஆண்டு வந்த, ஏற்பியை அடைக்கும் என்சாலூட்டமைடுக்கு ஸ்டீராய்டு துணை தேவையில்லை. ஆனால் அது மூளைக்குள் நுழையும்: சோர்வு, விழுதல், கவனக்குறைவு, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு வலிப்பு. 2018இன் அப்பாலூட்டமைடில் தோல் தடிப்பு தனி அடையாளம்; அதன் முதன்மை ஆய்வில் 23.8 விழுக்காட்டினருக்கு வந்தது, எலும்பு முறிவும் தைராய்டு மந்தமும் கூடின. மூளைக்குள் அவ்வளவாக நுழையாத டாரோலூட்டமைடு 2019இல் வந்தது, சோர்வு 12.1 விழுக்காடு, வெற்று மாத்திரையில் 8.7. இந்த எண்களை அருகருகே வைத்து மருந்துகளைத் தரம் பிரிப்பது பரவலான பழக்கம். ஆனால் அவை வெவ்வேறு ஆய்வுகளில், வெவ்வேறு நோயாளிகளிடம் எடுத்தவை. ஒவ்வோர் ஆய்விலும் வெற்று மாத்திரைப் பிரிவோடுள்ள இடைவெளியை மட்டுமே ஓரளவு நம்பலாம். வலிப்பு வந்தவருக்கோ அடிக்கடி விழுபவருக்கோ டாரோலூட்டமைடையும், நீரிழிவும் இதயத் தளர்ச்சியும் உள்ளவருக்கு அபிராட்டரோன் அல்லாததையும் நாடுவது இப்போதைய நடைமுறை.

கைவிடப்பட்ட ஈஸ்ட்ரோஜனும் திரும்பி வந்திருக்கிறது. மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைப் பெருக்குவதே டிஇஎஸ் செய்த கேட்டின் வேர். தோல் வழியாகக் கொடுத்தால் அந்தப் பாதை தவிர்க்கப்படும். பிரிட்டனில் 2006இல் தொடங்கிய ஆய்வு, தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டைகளை எல்எச்ஆர்எச் ஊசிகளோடு ஒப்பிட்டது. இதயக் கேடுகளில் இரண்டுக்கும் வேறுபாடில்லை என்று 2021இல் தெரிந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட முடிவுகளின்படி, மூன்றாண்டுகளில் நோய் பரவாமல் உயிரோடிருந்தவர்கள் பட்டையில் 87 விழுக்காடு, ஊசியில் 86. உடற்சூடு பட்டையில் 44 விழுக்காடு, ஊசியில் 89. மார்பு வீக்கம் பட்டையில் 85, ஊசியில் 42. எலும்பும் பட்டையில் தப்புகிறது. நோயை அடக்குவதில் சமமாக நிற்கும் இவ்விரண்டில் எந்தத் தொல்லையோடு வாழ முடியும் என்பதை அதைச் சுமக்கப்போகிறவரிடமே கேட்டு முடிவெடுக்க இப்போது வழியிருக்கிறது.